ஒரே ரவை, ஒரே இன்ஜின், ஒரே டயர்: ஆப்பிரிக்கப் படைகளின் கவச வண்டிகளைச் சீராக்குவது

அவையோருக்கு வணக்கம்.

இரண்டு ரவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டுமே 12.7 மில்லிமீட்டர் ரவைதான். ஒன்றின் கூடு 99 மில்லிமீட்டர் நீளம். அமெரிக்க பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிக்கு உரியது. மற்றதன் கூடு 108 மில்லிமீட்டர். ரஷ்ய டிஷ்கா, என்எஸ்வி துப்பாக்கிகளுக்கு உரியது. வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். இரண்டு வகைத் துப்பாக்கியும் இருக்கிற ஒரு படையில், முன்னரங்கக் கம்பெனி ஒன்று "12.7 ரவை, 20 பெட்டி" என்று எழுதி அனுப்புகிறது. ஸ்டோரில் இருப்பவர் கையில் அகப்பட்ட 20 பெட்டியை ஏற்றி அனுப்புகிறார். முந்நூறு கிலோமீட்டர் மண்பாதையில் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டியைத் திறந்தால், ரவை பிரவுனிங்கின் அறைக்குள் முழுதாக இறங்காது, போல்ட் மூடாது. ரவைகளைக் கோத்து வைக்கும் இணைப்புக் கண்ணிகளும் வேறு. அந்தத் துப்பாக்கியை நம்பி அங்கே நிற்கிறவர்களுக்கு அன்று அது வெறும் இரும்பு.

ஆப்பிரிக்கப் படைகளின் கவச வண்டிகளை ஒரே சீராக்குவது பற்றிப் பேசும்போது, எந்த வண்டியை வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. தொடங்க வேண்டிய இடம் இந்த ரவைப்பெட்டி.

இந்தக் கலப்பு எப்படி வந்தது என்று பார்ப்போம். நைஜீரியத் தரைப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். டாங்கிகளில் சோவியத் டி-55, பிரிட்டனின் விக்கர்ஸ் மார்க் 3, பிறகு டி-72, 2020-இல் சீனாவின் விடி-4. கூடவே இலகு கவச வண்டிகளாகப் பிரான்ஸின் ஏஎம்எல்-90, பிரிட்டனின் ஸ்கார்பியன். டி-55 சுடுவது 100 மில்லிமீட்டர் குண்டு, விக்கர்ஸ் 105, டி-72-உம் விடி-4-உம் 125, ஏஎம்எல் 90, ஸ்கார்பியன் 76. ஒரு படையில் ஐந்து விட்டக் குண்டுகள்! இதற்கு மேல் துருக்கியின் கோப்ரா, 2016-இல் அமெரிக்கா கொடுத்த 24 கைமன் கண்ணிவெடி தாங்கும் வண்டிகள், சீன வண்டிகள், உள்நாட்டில் கட்டிய எசுக்வூ. இதைப் பார்த்து யாரும் ஏளனம் செய்யக் கூடாது. 2014-இல் வடகிழக்கில் போகோ ஹராம் தீவிரவாதிகளிடம் ஊர் ஊராகப் பறிபோய்க்கொண்டிருந்தபோது, யார் விற்க முன்வந்தார்களோ அவர்களிடம் வாங்கினார்கள். ஒவ்வொரு கொள்முதலும் அன்றைய தேவைக்குச் சரிதான். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் சுமை தெரிகிறது.

விட்டம் ஒன்றாக இருந்தால் சிக்கல் தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். மொராக்கோவின் எம்60 டாங்கி, பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-10ஆர்சி, ஆஸ்திரிய கூராசியர் எஸ்கே-105 மூன்றுமே 105 மில்லிமீட்டர் பீரங்கி கொண்டவை. எம்60-இல் இருப்பது பிரிட்டிஷ் எல்7 வழி வந்தது. ஏஎம்எக்ஸ்-10ஆர்சி-யின் பீரங்கி அதற்கென்றே செய்த, அழுத்தம் குறைந்த வகை. கூராசியரில் இருப்பது பழைய ஏஎம்எக்ஸ்-13 வழியைச் சேர்ந்தது. மூன்றுக்கும் மூன்று குண்டுகள். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே கேட்புப் படிவத்தில் விட்டத்தை மட்டும் எழுதும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். கூட்டின் நீளமும் பீரங்கியின் பெயரும் சேர்த்து எழுத வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

வெளித்தோற்றமும் அப்படித்தான் ஏமாற்றும். சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் சோவியத் கவச வண்டிகளான பிடிஆர்-60, பிடிஆர்-70, பிடிஆர்-80 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எட்டுச் சக்கரம், படகு மாதிரி உடல். ஒரே குடும்பம் என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். பின்பக்க மூடியைத் திறந்தால் 60-இல் 90 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இன்ஜின் இரண்டு, அவற்றுக்கு இரண்டு கியர் பாக்ஸ். 70-இல் வேறு பெட்ரோல் இன்ஜின் இரண்டு, 120 குதிரைத்திறன் வீதம். 80-இல் 260 குதிரைத்திறன் காமாஸ் டீசல் ஒன்று. மூன்றும் கலந்து இருக்கிற பட்டாலியனுக்கு மூன்று வகை இன்ஜின் பாகங்கள், இரண்டு வகை எரிபொருள் லாரிகள் வேண்டும். இரட்டை இன்ஜின் வண்டியில் ஒன்று நின்றாலும் மற்றதை வைத்து ஓட்டிவிடலாம் என்பதால், ஓட்டுநர்கள் பழுதைச் சொல்லாமலே நாளைக் கடத்துவதும் உண்டு. இரண்டாவதும் நின்ற பிறகுதான் பட்டறைக்குத் தெரியவரும். இந்த மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் தயங்காமல் 80 என்பேன். அந்தக் காமாஸ் இன்ஜினின் உறவு இன்ஜின்கள் லாரிகளில் ஓடுகின்றன. பாகம் தெரிந்த மெக்கானிக் ஊருக்குள் கிடைப்பார்.

நல்ல உதாரணம் கண்டத்தின் தென்முனையில் இருக்கிறது. 1977 நவம்பர் 4-ஆம் தேதி ஐநா பாதுகாப்பு மன்றத்தின் 418-ஆம் தீர்மானம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக் கட்டாயத் தடை விதித்தது. இனவெறி அரசுக்கு எதிரான நியாயமான தடை அது. அந்த அரசின் படை செய்த கொடுமைகளை ஒரு கணமும் மறக்காமலே, அதன் பொறியாளர்கள் எடுத்த ஒரு முடிவை மட்டும் தனியே பாருங்கள். வெளியிலிருந்து பாகம் வராது என்றானபோது, நாட்டில் ஏற்கெனவே ஓடுகிற லாரி இன்ஜினைச் சுற்றியே கவச வண்டி கட்டினார்கள். பஃபெல் வண்டியின் அடிப்பகுதி மெர்சிடிஸ் யூனிமாக், இன்ஜின் ஓஎம்352. காஸ்பிரில் அதன் டர்போ வகை, ஓஎம்352ஏ. ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர், முழுக்க இயந்திர இஞ்செக்‌ஷன் பம்ப். எலாண்ட் வண்டியில் இந்தத் தடைக்கு முன்பே பிரெஞ்சு இன்ஜினை எடுத்துவிட்டு, உள்நாட்டில் பாகம் கிடைக்கிற செவ்ரலே கார் வகை இன்ஜினைப் பொருத்தினார்கள். பட்டறையில் சட்டென்று இழுத்து மாற்ற வசதியாக அதைத் தண்டவாளத்தின் மேல் வைத்தார்கள். ராடெல் வண்டியோ ஒரே உடல்: 20 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் மார்ட்டர், 90 மில்லிமீட்டர், கட்டளை வண்டி என்று மேலே இருப்பது மாறும், கீழே ஓடுவது மாறாது.

கண்டத்தின் வடமுனையில், இதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், எகிப்து கட்டிய ஃபஹத் கவச வண்டியிலும் மெர்சிடிஸ் லாரி அடிச்சட்டமும் அதே ஓஎம்352ஏ இன்ஜினும்தான். யாரும் கூடிப் பேசித் திட்டமிடவில்லை. லாரிச் சந்தை தானாகவே ஒரு பொதுமையைக் கொடுத்திருக்கிறது. நம்மூர் பழைய டாடா லாரிகளின் 697 இன்ஜின் ஞாபகம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதன் சிலிண்டர் விட்டம் 97, ஸ்ட்ரோக் 128 மில்லிமீட்டர். ஓஎம்352-க்கும் அதே அளவுதான்; ஒரே வேரில் வந்தவை.

பொதுமை ஏன் பாகத்தை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பட்டாலியனில் 40 வண்டிகள். நான்கு வகை, வகைக்குப் பத்து. கியர் பாக்ஸ் எந்த வண்டியில் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே வகைக்கு ஒன்றாவது கையிருப்பில் வேண்டும். நான்கு கியர் பாக்ஸ். அப்படியும் ஒரே வகையில் இரண்டு வண்டி படுத்தால் இரண்டாவது காத்துக் கிடக்கும், மற்ற மூன்று கியர் பாக்ஸும் அலமாரியில் சும்மா இருக்கும். 40-உம் ஒரே வகை என்றால் மூன்று கியர் பாக்ஸ் எந்த மூன்று வண்டிக்கும் உதவும். ஸ்பேனர் பெட்டியும் அப்படித்தான். விக்கர்ஸ், ஸ்கார்பியன் போன்றவற்றுக்கு அங்குல அளவு. சோவியத், சீன வண்டிகளுக்கு மில்லிமீட்டர். தவறான ஸ்பேனரைப் போட்டு போல்ட்டின் தலையை உருட்டிவிட்டால், அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகும். கென்யா வாங்கிய 76 விக்கர்ஸ் மார்க் 3 டாங்கிகள் நம் ஆவடியில் 1965 முதல் கட்டிய விஜயந்தாவுக்கு நெருங்கிய உறவு. ஆனால் மார்க் 3-இன் இன்ஜின் விஜயந்தாவில் உள்ள லேலண்ட் எல்60 அல்ல, அமெரிக்க டெட்ராய்ட் டீசல். பாகப் பட்டியல் கேட்கும்போது உறவை நம்பக் கூடாது, இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் கணக்கெடுப்பு. அலுவலகக் கோப்பை வைத்துச் செய்தால் பயனில்லை. ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று உடல் எண், இன்ஜின் எண், ஓடிய மணி, என்னென்ன பாகம் கழற்றப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: ஓடுவது, பாகம் வந்தால் முப்பது நாளில் ஓடக்கூடியது, இனி பாகத்துக்கு மட்டும். மூன்றாவதைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல படைகள் தடுமாறுகின்றன. அடித்தால் பலம் குறைந்ததாகத் தெரியும், பட்ஜெட் குறையும் என்ற பயம். அடிக்காமல் விட்டால், இல்லாத வண்டிகளை நம்பி நடவடிக்கைத் திட்டம் போடுவார்கள். அதற்கு விலை கொடுப்பது சிப்பாய்.

பாகம் கழற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு. வகைக்கு ஒரு வண்டியைக் கொடை வண்டி என்று எழுதி அறிவித்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். என்ன எடுத்தது, எந்த வண்டிக்குப் போனது என்று கதவில் ஓர் அட்டை தொங்க வேண்டும். இஞ்செக்டரைக் கழற்றினால் அந்தத் துளையையும் டீசல் குழாயின் வாயையும் உடனே மூடிவிட வேண்டும். டர்போவின் வாயும் அப்படியே. சஹாராவின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதிப் புழுதி ஒரு வாரத்தில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நாளைக்கு எடுக்கலாம் என்றிருந்த பிஸ்டனும் லைனரும் அதோடு வீண்.

அடுத்தது மலிவான வேலைகள். மேற்கத்திய வண்டிக்கும் சோவியத் வண்டிக்கும் வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்யும் சாக்கெட் வேறு வேறு. இரண்டிலும் 24 வோல்ட்தான். இரு முனையிலும் இரு வகைப் பிளக் வைத்த கேபிளைக் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு செய்து கொடுத்தால், பேட்டரி இறங்கிய டி-55-ஐக் காஸ்பிரால் எழுப்பலாம். இழுவைத் தண்டுக்கும் மாற்றுக் கொக்கிகள் செய்துகொள்ளலாம். டயரில் 14.00 ஆர்20 அளவைப் பிடித்துக்கொள்வது நல்லது. காஸ்பிர், ராடெல் இரண்டும் அதில்தான் ஓடுகின்றன, கனரக லாரிகளுக்கும் அது வழங்கும். பிடிஆர்களின் 13.00-18-ஐ அதனிடத்தில் மாட்ட முடியாது.

பிறகு ஸ்டோர். இதை விரிவாகச் சொல்ல ஆசை, ஒரே ஒரு பேரிங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். சக்கரக் குடத்திலிருந்து கழற்றிய டேப்பர் ரோலர் பேரிங்கை டீசலில் கழுவி, வளையத்தின் ஓரத்தைப் பாருங்கள். 32218 என்று வெட்டியிருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 90 மில்லிமீட்டர். சோவியத் வண்டியில் அதே அளவுப் பேரிங்கில் 7518 என்று இருக்கும். ஸ்டோரில் இரண்டும் இரண்டு பாகமாக, இரண்டு அலமாரியில், இரண்டு விலையில் கிடக்கும். நேட்டோவின் 13 இலக்கக் குறியீட்டு முறை இதற்காகவே வந்தது: முதல் நான்கு பொருளின் வகுப்பு, அடுத்த இரண்டு நாடு, மீதி ஏழு அந்தப் பொருளுக்கே உரியது. தென்னாப்பிரிக்காவின் நாட்டு எண் 18. நேட்டோவில் சேராமலே இந்த முறையைப் பின்பற்றலாம். ஆப்பிரிக்க ஒன்றியம் 2018-இல் கேமரூனின் துவாலாவில் கண்டத்துக்கான தளவாடத் தளத்தைத் திறந்தது. சோமாலியாவில் 2007 முதல் நின்ற ஆப்பிரிக்க ஒன்றியப் படையில் உகாண்டா, புருண்டி, ஜிபூட்டி, கென்யா, எத்தியோப்பியா என ஆளுக்கொரு வண்டியோடு வந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரு களஞ்சியம் பயன்பட வேண்டுமானால், பாகத்தின் பெயர் முதலில் ஒன்றாக வேண்டும்.

ஒன்றாக்கவே கூடாத இடங்களும் உண்டு. 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் பெரும்பாலான லாரி வழி டீசல்களுக்குச் சரி. அதைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் என்று உத்தரவு போட்டால், அல்லிசன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் தவறான எண்ணெய் போய் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரியக்கூடும். கியர் எண்ணெயை வண்டியின் கைநூல் சொல்கிறபடியே விடுங்கள். டின்னுக்கும் நிரப்பும் வாய்க்கும் ஒரே வண்ணப் பூச்சு அடித்தால் போதும்.

புது வண்டி வாங்கும்போது இன்ஜின் எவ்வளவு புதியது என்பதைவிட, எந்த டீசலைத் தாங்கும் என்று கேளுங்கள். மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைப் பாய்ச்சும் காமன் ரெயில் இன்ஜின் சுத்தமான எரிபொருளுக்குச் செய்தது. பீப்பாயில் வந்து, தண்ணீரும் தூசியும் கலந்த டீசலில் அதன் இஞ்செக்டர்கள் சீக்கிரம் போகும், பழுதைப் படிக்க லேப்டாப்பும் மென்பொருளும் வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதையாக, வண்டிக்குக் கோடிகள் கொடுத்துவிட்டு அந்த மென்பொருளின் உரிமத்தை ஒப்பந்தத்தில் விட்டுவிடுகிறார்கள். சிறப்புக் கருவிகள், படைக்குப் புரிகிற மொழியில் கைநூல், இன்ஜின் ஓவர்ஹால் கிட் மூன்றும் முதல் வண்டியோடு வந்து இறங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, ஒரு வகையை ஓய்வு கொடுத்து அனுப்பும்போது அதன் குண்டுகள் என்ன ஆகின்றன? சுட பீரங்கி இல்லாத குண்டை யாரும் எண்ணுவதில்லை. கிடங்கின் மூலையில், தகரக் கூரையின் கீழ், வெயிலில், உந்துமருந்து தானாகக் கெடாமல் காக்கும் நிலைப்பொருள் தீர்ந்துகொண்டே வரும். 2002 ஜனவரி 27-இல் லாகோஸின் இகேஜா பாசறைக் கிடங்கு வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் தப்பி ஓடும்போது கால்வாயில் விழுந்து இறந்தவர்கள், குழந்தைகள் அதிகம். இதே மாதிரி 2007-இல் மொசாம்பிக்கின் மபூட்டோவிலும், 2012-இல் காங்கோவின் பிரசாவில் நகரிலும், 2021-இல் ஈக்குவடோரியல் கினியின் பாட்டாவிலும் வெடித்தன. எல்லாம் நகரத்துக்குள் இருந்த கிடங்குகள். ஆகவே வண்டியை நீக்கும் அதே உத்தரவில் அதன் குண்டுகளின் எண்ணிக்கை, கிடங்கின் பெயர், தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லாட் எண், அழிக்கும் தேதி நான்கும் இருக்க வேண்டும். அழித்ததற்கான சான்று வந்த பிறகே அந்த வண்டியின் கோப்பை மூட வேண்டும்.