முத்துலட்சுமி விட்டிறங்கிய நாற்காலி

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பொதுத்தொண்டு செய்பவர் அதிகம் சாதிப்பது களத்திலா, சட்டமன்றத்திலா என்பது தலைப்பு. களத்தில்தான் என்று எதிரணித் தலைவி அடித்துப் பேசிவிட்டுப் போனார். நானும் கைதட்டினேன். பேசிய அழகுக்குத்தான், கருத்துக்கு இல்லை!

அவர் கொண்டுவந்த சாட்சி ஜோ காக்ஸ். ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பிரச்சாரப் பணி பார்த்தவர். 2015 மே மாதம் லேபர் கட்சி சார்பில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2016 ஜூன் 16 அன்று, தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் ஓர் இனவெறியன் அவரைக் கொன்றுவிட்டான். 41 வயது. பதவி அவருக்கு என்ன கொடுத்தது என்று சகோதரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதவி அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தலைப்பு அதுவா? பதவியால் ஊருக்கு என்ன கிடைத்தது என்பதுதானே? சுமார் 13 மாதம்தான் எம்.பி.யாக இருந்தார். அதற்குள் சிரியா மக்களுக்காக எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரு குழுவில் உட்கார வைத்தார். தனிமையில் வாடுபவர்களுக்காக ஓர் ஆணையம் அமைக்கும் வேலையை, எதிர் முகாமைச் சேர்ந்த சீமா கென்னடியோடு சேர்ந்து தொடங்கினார். அவர் போனபின் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. 2018 ஜனவரியில் தெரசா மேயின் கன்சர்வேடிவ் அரசு, தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தது. வெளியிலிருந்து மனு மட்டும் கொடுத்திருந்தால்? கோட்டை வாசலில் மனு கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அது லண்டன் கதை. நம் ஊர்க் கதைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எதிரணி தங்கள் சொத்து மாதிரி பேசினார்கள். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு ஔவை இல்லம் தொடங்கினார், 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் செயல்பட வைத்தார், பதவியில் இருந்தா செய்தார் என்று கேட்டார்கள். நியாயம். அந்த மருத்துவமனை வாசலில் ஒரு நாள் நின்றவர் யாரும் அவர் தொண்டைக் குறைத்துப் பேச மாட்டார்.

ஆனால் நடுவர் அவர்களே, அவர் 1927ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனதை ஏன் வேகமாகத் தாண்டிப் போனார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், அந்த அவைக்கே துணைத் தலைவர். நியமன உறுப்பினர்தானே என்பீர்கள். ஆமாம். 1926ல் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். பெண்ணுக்கு அன்று திறந்திருந்த கதவு அவ்வளவுதான்.

உள்ளே போய் என்ன செய்தார்? தேவதாசிக் குடும்பங்களுக்குக் கோயில் இனாம் நிலம் இருந்தது. பொட்டுக் கட்டிய பெண், அதாவது சாமிக்கென்று நேர்ந்துவிட்ட பெண், கோயிலில் ஊழியம் செய்தால்தான் நிலம். விட்டுவிட்டால் நிலமும் போகும். அதனால் வீட்டில் அடுத்து ஒரு பெண் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். எந்த விடுதி நடத்தினாலும், எத்தனை ஊரில் கூட்டம் போட்டாலும் இந்த முடிச்சு அவிழுமா? 1929ல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம், ஊழியக் கடமையிலிருந்து நிலத்தைப் பிரித்து அந்தப் பெண்களுக்கே விட்டது. சென்னை மாகாணம் முழுவதற்கும் ஒரே சட்டம், கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை!

அடுத்து, பொட்டுக் கட்டுவதையே தடுக்க மசோதா கொண்டுவந்தார். அந்த நேரம், 1930ல், காந்தி கைது. அதை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். அந்தத் தியாகத்தை நான் வணங்குகிறேன். வணங்கிவிட்டே சொல்கிறேன்: அந்தச் சட்டம் நிறைவேறியது எப்போது? 1947ல். வெளியே வந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை, எழுதினார், பேசினார், கேட்டுக்கொண்டே இருந்தார். அதே அம்மா, அதே கோரிக்கை. உள்ளே இருந்த மூன்று ஆண்டில் ஒரு சட்டம். வெளியே வந்தபின் அடுத்ததற்கு 17 ஆண்டு. காலம் மாறியதும் ஆட்சி மாறியதும் காரணம் என்று வாதிடலாம். அந்த ஆட்சி மாற்றமும் ஓட்டுப் பெட்டி வழியாகத்தானே வந்தது?

இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அவர் பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது, 18,000 ரூபாய். நடத்துவது அரசாங்கம். இவ்வளவு பேருக்கு உண்டியல் குலுக்கிக் கொடுக்க முடியுமா?

எனக்கு அடுத்துப் பேசப்போகும் எதிரணித் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த 17 ஆண்டில் பொட்டுக் கட்டப்பட்ட பிள்ளைகளிடம் போய், சட்டமன்றம் தேவையில்லை, களமே போதும் என்று சொல்லியிருப்பீர்களா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள், தம்பி.