மலை ரயிலின் மூச்சு

நேயர்களே, வணக்கம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ஊட்டி ரயிலில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், நான் பேசப்போவது ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது. போகாதவர்கள், பாரவண்டி மேட்டில் ஏறும்போது மாடுகள் விடும் மூச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் புகைப்படமாக எடுப்பதா, வீடியோவாக எடுப்பதா என்பதுதான் இன்றைய பேச்சு. அந்த ரயிலைப் பல ஆண்டுகள் நான் புகைப்படம்தான் எடுத்தேன். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியிலுள்ள நிலையங்களில் அலைந்தேன். பிறகு வீடியோவுக்கு வந்துவிட்டேன். காரணம், எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்.

அந்த ரயிலில் பிரேக்மேனாக, அதாவது பெட்டியின் பிரேக்கைப் போடுபவராக, இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது; ஆகவே பெட்டிதோறும் பிரேக்மேன் நிற்பார், கொடி காட்டுவார். ஒரு பொங்கலன்று என் படங்களைக் காட்டினேன். "நன்றாக இருக்கிறது, தம்பி" என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவ்வளவுதான். பிறகு, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் போட்டேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை; கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் விரலை உயர்த்தி, "இதோ, பல் பிடிக்கிறது" என்றார்.

கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வும்போது ஓசை மாறும். எத்தனை தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன்! எனக்குக் கேட்டதில்லை. என் கவனமெல்லாம் எப்போது பொத்தானை அழுத்துவது என்பதிலேயே இருந்தது. அவர் மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறையும் கேட்டார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "டியூட்டிக்குக் கிளம்பிவிட்டீர்களா?" என்று கேட்டார்கள்.

ஓசை, நேயர்களே, ஓசை. அங்கே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கேமரா கொஞ்சம் சாய்ந்தால் புகைப்படம் அந்த ஏற்றத்தைச் சமதரையாக்கிவிடும். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறதே, அந்தப் பாடு வீடியோவில்தான் தெரியும். பாதையோரம் நின்று எடுப்பவர்கள் கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பாதீர்கள். அது தானாக வந்து, தானாகப் போகட்டும். நீங்கள் பேசாமல் இருங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். புகைப்படத்தின் சிறப்பையும் எழுதி வந்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எஞ்சினின் நம்பரையும் கொடி பிடித்த கையையும் ஆற அமரப் பார்க்கப் புகைப்படம்தான் வேண்டும். புகைப்படம், வீடியோ இரண்டுக்குமே தண்டவாளத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ரயில் வளைவில் மறைந்ததும் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த குகைப்பாதைக்கு முன்னால் அது ஊதும், அதுவரை ஓடட்டும். வணக்கம்.