சிங்கிள் ஓனர்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பைக் வாங்கப் போயிருக்கிறீர்களா? நாம் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தரகர் ஆரம்பித்துவிடுவார்: “சிங்கிள் ஓனர் சார். பேங்க் மேனேஜர் வண்டி. ஆபீஸுக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு.” அங்கேயே நம் மனசு பாதி விழுந்துவிடும். கிலோமீட்டர் முள்ளை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். ஒரே ஆள் கையில் இருந்த வண்டி என்றால் அதன் ஜாதகமே நமக்குத் தெரிந்த மாதிரி ஒரு நிம்மதி.

இன்றைக்கு நான் பேச வந்தது அமெரிக்காவின் பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் பற்றி. அவர்களும் இந்த ‘சிங்கிள் ஓனர்’ என்ற சொல்லுக்குத்தான் மயங்குகிறார்கள். கடையில் புதிதாக வந்த அன்றே ஒருவர் காசு கொடுத்து வாங்கி, பல வருடங்கள் விடாமல் சேர்த்து, வேறு கை படாமல் வைத்திருந்த பெரிய தொகுப்புக்கு அங்கே ‘பெடிகிரி’ என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நாய்த் தீனிதான் ஞாபகம் வரும். பரவாயில்லை, இரண்டு இடத்திலும் வம்சாவளி என்றுதான் பொருள்.

இந்த வம்சங்களில் பேர்போனது எட்கர் சர்ச் என்பவருடையது. 1888-இல் பிறந்தவர், கொலராடோ மாநிலத்து ஓவியர். தொலைபேசி நிறுவனத்தின் மஞ்சள் பக்கங்களில் வரும் விளம்பரங்களுக்குப் படம் வரைவது அவர் வேலை. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-இல் 10 சென்ட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐம்பதை நெருங்கும் மனிதர் கடைக்குப் போய், பிள்ளைகள் படிக்கிற பொம்மைப் புத்தகம் வாங்குகிறார். ஒன்றிரண்டு அல்ல, வந்ததையெல்லாம். அதுவும் 1950-கள் வரைக்கும். படம் வரைகிறவருக்கு மாதிரி பார்க்க உதவும் என்று வாங்கினார் என்கிறார்கள். அது முழுக் காரணமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. மாதிரி பார்ப்பதற்கு எவனும் இருபதாயிரம் புத்தகம் வாங்க மாட்டான்!

ஆம், ஏறக்குறைய அவ்வளவுதான். 18,000-லிருந்து 22,000 வரை கணக்குச் சொல்கிறார்கள். 1977-இல் வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் குடும்பத்தார் ஒரு காமிக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். சக் ரொஸான்ஸ்கி என்று பெயர், அப்போது இருபதைத் தாண்டிய இளைஞர். உள்ளறை ஒன்றில் தரையிலிருந்து அடுக்கடுக்காகப் புத்தகங்கள். நாற்பது வருடப் பழைய தாள், நேற்று அச்சான மாதிரி வெள்ளையாக இருந்தது.

இங்கே தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காமிக்ஸ் அச்சடித்தது மலிவான நியூஸ்பிரிண்டில். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளை நீக்காமலே செய்கிற தாள் அது. வெளிச்சமும் சூடும் பட்டால் பழுக்கும், அப்புறம் அமிலம் ஏறி, அப்பளம் மாதிரி நொறுங்கும். கொலராடோவில் சர்ச் வாழ்ந்தது, கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், ஈரமில்லாத காற்று அடிக்கிற ஊர். அறை இருட்டு. மேலே அடுக்கியிருந்த புத்தகங்களின் எடையே கீழே உள்ளவற்றைத் தட்டையாக அழுத்தி வைத்திருந்தது. இடையே காற்றும் புகவில்லை. இத்தனையும் எதேச்சையாக அமைந்தவை. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. நம் ஊர் பரணில் அதே கட்டை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் சூப்பர்மேன் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

அமெரிக்காவிலும் இந்தப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்தது பெரிய விஷயம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பழைய காகிதம் திரட்டுகிறோம் என்று பிள்ளைகளே வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சில ஊர்களில் குவித்து வைத்துக் கொளுத்தினார்கள். 1954-இல் அது செனட் விசாரணை வரைக்கும் போனது.

அப்படியானால் மிஞ்சியவை எப்படி மிஞ்சின? அநேகமாக, யாரும் தொடாததால். சான் பிரான்சிஸ்கோ தொகுப்பு என்று ஒன்று உண்டு. அதை வாங்கிச் சேர்த்த பையன் போருக்குப் போனான்; திரும்பி வரவில்லை. பெற்றோர் அவன் அறையை அப்படியே வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு, 1970-களில்தான் அந்தப் புத்தகங்கள் வெளியே வந்தன. இன்று அதிலிருந்து ஒரு பிரதியை ஏலத்தில் எடுக்கிறவர் தாளின் வெண்மையைப் புகழ்கிறார். அந்த வெண்மைக்குக் காரணம், ஒரு தாயும் தகப்பனும் அத்தனை வருடங்களாகக் கலைக்காமல் வைத்திருந்த அறை. இதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்கிற பட்டியல்களை என்னால் முழுசாகப் படிக்க முடிவதில்லை.

சரி, விலையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகவே சிலர் வந்திருப்பீர்கள். வர்ஜீனியாவில் பில்லி ரைட் என்பவர் சிறுவயதில் வாங்கிய 345 புத்தகங்களை நிலவறை அலமாரி ஒன்றில் வைத்திருந்தார். வாங்கியபோது மொத்தமாக 35 டாலருக்குள்தான் ஆகியிருக்கும். அவர் மறைந்து, மனைவியும் மறைந்த பிறகு உறவுக்காரர் ஒருவர் வீட்டை ஒழிக்கும்போது கண்டெடுத்தார். 2012-இல் தொகுப்பின் பெரும்பகுதி சுமார் 35 லட்சம் டாலருக்குப் போனது. பேட்மேன் முதலில் வந்த 1939-ஆம் ஆண்டு இதழ் மட்டும் 5,23,000 டாலர். பெடிகிரி முத்திரையின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 2024-ஐப் பாருங்கள்: கன்சாஸ் சிட்டி தொகுப்பைச் சேர்ந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 60 லட்சம் டாலர்.

சர்ச் தொகுப்புக்கு வருவோம். ரொஸான்ஸ்கி அதை விலைக் கையேட்டில் போட்டிருந்ததைவிட அதிகம் கேட்டு விற்றார். பழைய வியாபாரிகள் முணுமுணுத்தார்கள், வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். ஒருவர் பல வருடங்களைச் செலவழித்து ஒரே இடத்தில் அடுக்கியது நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சிதறியது. அது தப்பா? ரொஸான்ஸ்கி வாங்காவிட்டால் குப்பை வண்டிக்குப் போயிருக்கலாம். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தொகுப்புக்கு ஊரே போற்றும் பெயர் வந்தது அதை உடைத்துப் பிரித்த பிறகுதான்.

பெயர் நிலைத்த பிறகு போலிகளும் வருமல்லவா? ‘இது சர்ச் பிரதி’ என்று வாயால் சொன்னால் போதாது. அங்கேதான் பென்சில் உதவிக்கு வந்தது. அந்தக் காலத்தில் புதிதாகக் கடைக்கு வந்தபோது அட்டையில் சின்னதாகக் கிறுக்கிய எழுத்துக் குறிகள் சர்ச் பிரதிகள் பலவற்றில் உண்டு. ஆராய்கிறவர்கள் கதையை விட்டுவிட்டு அந்தக் குறியைப் பார்க்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது லார்சன் தொகுப்பு. நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். லமான்ட் லார்சன் என்ற பையன் வாரா வாரம் வருவான் என்று, கடையில் புத்தகத்தை எடுத்து வைக்கும்போதே அட்டையில் பென்சிலால் ‘லமான்ட்’ என்றோ ‘லார்சன்’ என்றோ எழுதி வைத்தார்கள். நம் ஊர்ப் பேப்பர்காரர் வீட்டு எண் எழுதுகிற மாதிரி. வேறு எந்தப் புத்தகமாக இருந்தாலும் அட்டையில் எழுத்து என்றால் தரம் குறையும். இதில் அந்தப் பெயர் இல்லாவிட்டால்தான் சந்தேகம்! தாள் தரத்தில் சர்ச் பிரதிகளுக்கு இவை ஈடில்லை. ஆனாலும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

2000-த்தில் சிஜிசி என்ற நிறுவனம் வந்தது. புத்தகத்தை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுப்பார்கள். பெடிகிரி பெயரும் மேலே அச்சாகும். ஏமாற்று குறைந்தது, நல்லதுதான். ஆனால் உறையை உடைத்தால் மதிப்பெண் போச்சு. படிக்க முடியாத புத்தகத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டால், அந்தக் கூட்டத்தில் என்னை வினோதமாகப் பார்ப்பார்கள்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. பள்ளி நாட்களில் என்னிடம் இருந்த பத்து முத்து காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து பைண்டிங் கடையில் கொடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கிக் கொடுத்தார்கள். இரும்புக்கை மாயாவி பேசுகிற வசனத்தில் கடைசி எழுத்துகள் கத்தியோடு போய்விட்டன.

போன வருடம் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே வரிசையில் ஓர் இதழ் கிடைத்தது. வெட்டாத பிரதி. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பையன் தன் பெயர், ஆறாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு, எல்லாம் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கடைக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டார். “கிறுக்கல் இருக்கு சார், பாத்தேன். இருபது ரூபா கொறச்சுக் குடுங்க.”

நானும் ஒன்றும் சொல்லாமல் குறைத்துத்தான் கொடுத்தேன்.