பாலத்துக்கு எதற்குக் கூரை? பார்க் கவுண்டியின் மரப்பாலங்கள்

[காட்சி: வயல்வெளி நடுவே ஓடை. அதன்மேல் பக்கமெல்லாம் சிவப்புப் பலகை அடித்த பாலம்]

பார்த்ததும் தானியக் கிடங்கு என்றுதான் தோன்றும், ஆனால் அடியில் ஓடை ஓடுகிறது பாருங்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பார்க் கவுண்டி என்று ஒரு கிராமப்புறப் பகுதி, ராக்வில்தான் அதன் தலைமை ஊர். இந்த மாதிரி கூரை போட்ட மரப்பாலங்கள் அங்கே இன்னும் 31 நிற்கின்றன.

சரி, பாலத்துக்கு எதற்குக் கூரை?

உள்ளே பனி விழாமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமே இல்லை. பனி கொட்டும் ஊர்களில், சறுக்கு வண்டி போக வேண்டுமே என்று வெளியே கிடந்த பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்பியிருக்கிறார்கள்! கூரை மரத்துக்காகப் போட்டது. பாலத்தின் பலமெல்லாம் சட்டங்களைக் கோத்த மூட்டுகளில்தான் இருக்கிறது, அந்த இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கித் தேங்கினால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியவும் தெரியாது. நனைந்துகொண்டே இருக்கும் மரப்பாலம் பத்து, இருபது வருடம் தாங்கினாலே பெரிது. மூடிவிட்டால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். மேல் பலகை வீணானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

[காட்சி: பாலத்தின் உள்பக்கம், மெதுவாக]

இப்போது உள்ளே வாருங்கள். நிமிர்ந்து நிற்கும் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே சாய்வாக முட்டுக் கொடுத்த சட்டங்கள். அவற்றை இரண்டு பக்கமும் அணைத்தபடி ஒரு பெரிய மர வளைவு போகிறதே, அதன் இரண்டு முனைகளையும் கண்ணால் பின்தொடருங்கள். தளத்துக்குக் கீழே இறங்கிக் கரையில் கட்டிய கல்சுவரில் போய் ஊன்றுகின்றன. பாரத்தில் ஒரு பங்கு அப்படியே கல்லுக்குப் போய்விடுகிறது. தியடோர் பர் என்பவர் 1817-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது.

இங்குள்ள பாலங்களில் பெரும்பாலானவை இரண்டே பேர் கைவேலை: ஜே. ஜே. டேனியல்ஸ், ஜே. ஏ. பிரிட்டன். யார் கட்டியது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். டேனியல்ஸின் வாசல் மேலே வட்டமாக வளையும், பிரிட்டனுடையது மூலைகளில் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். டேனியல்ஸ் 1861-இல் கட்டிய ஜாக்சன் பாலம் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 200 அடி தாண்டுகிறது. எனக்கு இந்த வட்டாரத்திலேயே பிடித்தது அதுதான்.

அப்புறம் வாசல்களில் ஒரு எச்சரிக்கை எழுதியிருக்கும்: குதிரையை நடை வேகத்தில் ஓட்டிக் கடக்கவும். குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் பாலம் அதிரும், அதற்காக.

[காட்சி: பிரிட்ஜ்டன் பாலம், பக்கத்தில் பழைய மாவு ஆலை]

மழைக்குத் தப்பினாலும் நெருப்புக்கு என்ன செய்வது? 1868-இல் டேனியல்ஸ் கட்டிய பிரிட்ஜ்டன் பாலத்தை 2005 ஏப்ரல் 28-ஆம் தேதி யாரோ கொளுத்திவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கான்கிரீட்டைத் தேடிப் போகாமல், நன்கொடை திரட்டி, அதே இடத்தில் அதே வளைவு அமைப்பில் மரத்திலேயே 2006-இல் திரும்பக் கட்டினார்கள். இது பழைய பாலம் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1868-இல் செதுக்கிய மரம் போனது போனதுதான், அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பெரிய மர வளைவைச் செதுக்கி, கோத்து, ஓடைக்கு மேலே நிறுத்தத் தெரிந்த ஆட்கள் 2006-இலும் இருந்தார்களே! பாலத்தோடு அந்தக் கைத்திறனும் பாரம்பரியம்தான், அதை அவர்கள் விட்டுவிடவில்லை.