அடுத்த பணிமுறைக்கு எழுதும் குறிப்பு

நேயர்களுக்கு என் வணக்கம். செவிலியர் ஒருவர் கட்டிலருகே வந்து நாடியைப் பார்த்து, வெப்பநிலையை அளந்து, தாளிலோ கணினியிலோ எதையோ குறித்துக்கொண்டு போவதை, மருத்துவமனையில் இருந்த அனைவரும் கண்டிருப்பீர்கள். கவனிப்பெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் எழுத்து வேலை என்று அதைக் கருதுபவர்கள் செவிலியர்களிடையேயும் உண்டு. அந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. நோயாளரைப் பகலில் பார்த்திராத ஒருவர் இரவுப் பணிக்கு வந்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க நம்பியிருப்பது அந்தக் குறிப்பைத்தான். ஆகவே மருந்து கொடுப்பதைப் போல எழுதுவதும் கவனிப்பின் ஒரு பகுதியே.

"நோயாளர் நலமாக இருக்கிறார்", "சிறுநீர் போதிய அளவு பிரிந்தது" என்னும் வரிகளிலிருந்து அந்த இரவுச் செவிலியர் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? பெரியவர்களுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்குக் கீழே சிறுநீர் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் அது 180 மில்லிலிட்டர். "120 மில்லிலிட்டர்" என்று எழுதியிருந்தால் படிப்பவர் உடனே விழித்துக்கொள்வார்; "போதிய அளவு" என்ற சொல் அவரை நிம்மதியாக இருக்கச் செய்துவிடும். அதுபோலவே "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதுவது நோயாளர்மீது ஒட்டப்படும் முத்திரை. "ஊசி வேண்டாம் என்றார், முன்பு போட்ட இடம் வலிப்பதாகக் கூறினார், அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது" என்று எழுதினால், செய்ய வேண்டியது என்ன என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

நினைவுநிலையைக் குறிக்க 1974-ல் உருவான கிளாஸ்கோ அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதிகபட்சமாகக் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரே தொகை வெவ்வேறு நிலைகளிலிருந்து வரக்கூடும்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் பெரும்பாலும் நாமே ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் கிடைக்காதபோது, நான்கு மணிக்கொருமுறை 20, 20, 20 என்று ஒரே எண் வரிசையாக ஏறிவிடுகிறது. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது, பல நேரங்களில் இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமெடுக்கிறது. பிரிட்டனில் 2012-ல் அறிமுகமாகி 2017-ல் திருத்தப்பட்ட தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையிலான மூச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம். 25-ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதாவது உடனடியாக வந்து பார்க்க வேண்டிய நிலை. ஊகித்து எழுதிய 20 அந்த அழைப்பையே அழித்துவிடுகிறது. எண்ண இயலவில்லையென்றால் இடத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை எழுதுவதே நேர்மையானது.

மருந்து அட்டையில் கையெழுத்து, நோயாளர் மருந்தை உட்கொண்ட பிறகே விழ வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்ட மாத்திரை, அவர் எக்ஸ்ரே எடுக்கப் போய்விட்டதால் மேசையிலேயே கிடந்தாலும் பதிவில் "கொடுக்கப்பட்டது" என்றே நிற்கும். 1.0 மில்லிகிராமில் புள்ளி மங்கினால் அது 10 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதிய .5 என்பது 5 ஆகிவிடும். இன்சுலினுக்கு யூனிட் என்பதை U என்ற ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால், அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு 4 யூனிட் 40 ஆகலாம். வலி மருந்து கொடுத்தால், கொடுப்பதற்கு முன் வலி பத்துக்கு எத்தனை, கொடுத்தபின் எத்தனை என்ற இரண்டும் வேண்டும். இரண்டாவது எண்ணைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம்.

"மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது" என்பதும் அரைக் குறிப்பே. யாரிடம், எத்தனை மணிக்கு, என்னென்ன அளவுகளைச் சொல்லித் தெரிவித்தோம், அவர் என்ன பணித்தார் என்பவை இருக்க வேண்டும். தொலைபேசியில் வந்த உத்தரவை எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்.

பிழையாக எழுதிவிட்டால், அடியில் உள்ளது படிக்கும்படி ஒரே கோடு போட்டு, தேதி, நேரம், கையொப்பம் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. நெருக்கடியில் எழுத முடியாமல் போனதைப் பின்னர் எழுதும்போது, தாமதக் குறிப்பு என்று சொல்லி, நிகழ்ந்த நேரத்தையும் எழுதும் நேரத்தையும் காட்ட வேண்டும்.

கணினிப் பதிவேடு வந்தபின் கையெழுத்து புரியாத சிக்கல் தீர்ந்தது. நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கு நகலெடுக்கும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய் பதிவேட்டில் நாள்கணக்கில் "உள்ளது" என்று தொடர்வதும், மாறாக, எடுக்க வேண்டிய குழாய் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து நோய்த்தொற்றுக்கு வழிவிடுவதும் இப்படித்தான் நேர்கின்றன. குழாய், ஊசிவழி, புண், படுக்கைப்புண் ஏற்படக்கூடிய இடம் ஆகியவற்றை மட்டுமாவது ஒவ்வொரு பணிமுறையிலும் நேரில் பார்த்துப் புதிதாகவே எழுதும்படி மருத்துவமனைகள் விதி வகுக்க வேண்டும். அதற்குத் தேவையான நேரத்தையும் ஆள்களையும் செவிலியருக்கு அவை ஒதுக்கவும் வேண்டும். வணக்கம்.