ஓவியம் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போக நினைக்கிறேன்

வணக்கம். ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன் என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்பது, "முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்?" கண்காட்சி வைப்பாயா, அனிமேஷனுக்குப் போவாயா, விளம்பரத் துறையா என்று கேட்பவர்களே ஒரு பட்டியலையும் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக வேண்டும், அதுவும் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு. ஏன் என்று இந்த வீடியோவில் சொல்கிறேன்.

நான்கு வயதுக் குழந்தை அப்பாவை வரைந்தால் ஒரு வட்டம் போடும். வட்டத்திலிருந்தே இரண்டு கால் முளைக்கும், கை காதுப் பக்கத்திலிருந்து வரும். அதைப் பற்றி அந்தக் குழந்தைக்கு ஒரு கவலையும் இல்லை. 9, 10 வயதில் இது மாறுகிறது. தான் வரைந்ததையும் எதிரில் இருக்கும் பொருளையும் மாறி மாறிப் பார்த்து, "அது மாதிரியே இல்லையே" என்று அழிக்க ஆரம்பிக்கிறார்கள். குழந்தைகளின் ஓவியம் வயதுக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்பதைக் கட்டம் கட்டமாக எழுதிவைத்த விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய 9 வயதில்தான் இந்த 'நிஜம் போல வேண்டும்' என்ற ஆசை தொடங்குகிறது என்கிறார். கண் முந்திக்கொண்டு போய்விடுகிறது, கை பின்னாலேயே நிற்கிறது. பலர் பென்சிலைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான். "எனக்கு வரைய வராது" என்று சொல்லும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வயதில் எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது? கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், மேலே வி எழுத்து மாதிரி நான்கு பறவைகள். அதைப் பார்த்து எல்லோரும் வரைய வேண்டும். யாருடையது பலகையில் இருப்பதைப் போலவே இருக்கிறதோ அவருக்கு முழு மதிப்பெண். இதில் என் வருத்தம், அந்தப் பிள்ளை மலையைப் பார்க்கவே இல்லை என்பது. ஒரு மலையின் குறியீட்டைப் பார்த்து இன்னொரு குறியீட்டைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? கேமராவை மேசைப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சதுரம் வெட்டியிருக்கிறேன். ஒன்றைக் கறுப்பு அட்டை மேல் வைக்கிறேன், இன்னொன்றை வெள்ளை அட்டை மேல். இப்போது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகிறதா? கறுப்பு மேல் இருப்பது வெளிறித் தெரிகிறது, வெள்ளை மேல் இருப்பது அடர்ந்து தெரிகிறது. அதே சாம்பல் தாளில் ஒரு நீளத் துண்டை எடுத்து இரண்டையும் சேர்த்து மேலே வைக்கிறேன். இப்போது இரண்டும் ஒரே நிறம்தான், பார்த்தீர்களா? இனி சாம்பலை நல்ல சிவப்பு அட்டைக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். லேசாகப் பச்சை கலந்த மாதிரி இருக்கும். கேமராவில் எந்த அளவுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது, வீட்டில் செய்து பாருங்கள்.

பெயின்ட் வேண்டாம், பிரஷ் வேண்டாம். "எனக்கு வரைய வராது" என்று சொல்லும் பிள்ளைகூட இதைச் செய்துவிடும். செய்து முடித்ததும், தன் கண் தன்னை ஏமாற்ற முடியும் என்று அதற்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் கூர்ந்துதான் பார்க்கும்.

இந்த மாதிரிப் பயிற்சிகளை வண்ணத்தாள் வைத்து மாணவர்களுக்குக் கொடுத்தவர் ஜோசஃப் ஆல்பர்ஸ். எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர். ஜெர்மனியில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 32 வயதில் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1923 முதல் அங்கேயே பாடம் நடத்தினார். 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டதும் அமெரிக்காவில் பிளாக் மவுன்டன் கல்லூரிக்குப் போனார். அங்கே என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, கண்களைத் திறக்க வைப்பது என்ற பொருளில் பதில் சொன்னார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரியாகப் பேசக்கூட வராது.

அவருடைய பௌஹவுஸ் வகுப்பில் மாணவர்களுக்குச் செய்தித்தாளைக் கொடுத்து, இதில் எதையாவது செய்யுங்கள், ஆனால் தாளின் இயல்பை மதித்துச் செய்யுங்கள், வீணாக்காதீர்கள் என்பாராம். சிலர் கோட்டை கட்டினார்கள், படகு செய்தார்கள். ஆல்பர்ஸ் பாராட்டியதோ தாளை வெறுமனே மடித்து நிமிர்த்தி வைத்த ஒரு மாணவரை. படுத்துக் கிடக்கும் தாள் மடித்தால் எழுந்து நிற்கும் என்பதை அந்த மாணவர் கண்டுபிடித்திருந்தார். கோட்டை என்றால் கல்லில் கட்டலாம், படகு என்றால் மரத்தில் செய்யலாம். மடித்தால் நிற்பது தாள் மட்டும் செய்கிற வேலை.

படைப்பாற்றல் என்றாலே பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது சரி. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இலேயே குழந்தைகளுக்கென்று ஒரு கலை வகுப்பு தொடங்கி, அவர்களை இஷ்டப்படி வரையவிட்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் நான் சொல்கிற 9 வயதுப் பிள்ளையிடம் வெறும் தாளை நீட்டி "உனக்குப் பிடித்ததை வரை" என்றால், அது போடப் போவது அதே இரண்டு மலைதான். அதற்குத் தெரிந்தது அதுதானே! ஒரு தாள், ஒரு நிபந்தனை, யோசிக்க நேரம். இது மூன்றும் இருந்தால்தான் புதிதாக ஏதாவது பிறக்கும் என்பது என் நம்பிக்கை.

படிப்பையும் படைப்பாற்றலையும் எதிரெதிராக நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா என்ற சர்வதேசத் தேர்வில் 2022-இல் முதல் முறையாகப் படைப்புச் சிந்தனையையும் சோதித்தார்கள். முதலிடம் சிங்கப்பூருக்கு, 60-க்கு 41. இந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளுடைய சராசரி 33. அதே தேர்வில் கணிதத்திலும் சிங்கப்பூர்தான் முதலிடம். "டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுங்கள்" என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மதிப்பெண். தாகூரின் சாந்திநிகேதனில் 1919-இல் தொடங்கிய கலாபவனம் என்ற கலைப் பள்ளியின் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் பினோத் பிஹாரி முகர்ஜி. சிறு வயதிலிருந்தே அவருக்குப் பார்வை மிகக் குறைவு. அச்சு அசலாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வகுப்பாக இருந்தால் முதல் வாரமே அவரை வெளியே அனுப்பியிருப்பார்கள். அவரோ பெரிய சுவரோவியங்களைச் செய்தார், பலருக்குக் கற்றும் கொடுத்தார். பின்னாளில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதும் போன பின்பும் தாளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்துகொண்டே இருந்தார். எனக்கு மனம் சோர்ந்து போகும்போது அவருடைய அந்தத் தாள் படங்களைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

ஏஐ வந்த பிறகு ஓவிய வகுப்பு எதற்கு என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். படம் வேண்டுமென்றால் ஏஐ கொடுத்துவிடும். அரை மணி நேரம் ஓர் இலையை உற்றுப் பார்த்த அனுபவத்தை அது பிள்ளைக்குக் கொடுக்காது. வகுப்பு அதற்குத்தான்.

என் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஸ்கெட்ச் புக்கின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லோருடைய வேலையையும் தரையில் பரப்பி, சுற்றி நின்று பேச வேண்டும். ஆல்பர்ஸ் வகுப்பிலும் அப்படித்தான் செய்தார்கள். எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வி கடைசியில் வரட்டும். முதலில், இதைச் செய்தவர் என்ன கவனித்திருக்கிறார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். முடிந்த படத்தோடு, அதற்கு முன் கிழித்துப் போட்டதையும் சேர்த்துத்தான் மதிப்பெண். சுவரில் மாட்டும்போதும் எல்லோருடையதும் ஏற வேண்டும்.

இதில் எனக்கு விடை கிடைக்காத ஒரு விஷயம் நேரம். 40 நிமிடப் பீரியடில் பொருளை எடுத்துக் கொடுத்து, செய்ய வைத்து, பேசி, திரும்ப எடுத்து வைப்பது எப்படி? வாரத்தில் இரண்டு பீரியடை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கலாமா, அல்லது ஒரு வாரம் செய்வது, அடுத்த வாரம் பேசுவது என்று பிரிக்கலாமா? பிரித்தால் பிள்ளைகளுக்குச் சூடு ஆறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் வகுப்பில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.