அச்சம் ஏன் இடுப்பில் போய்த் தங்குகிறது? பனிக்காலத்தைப் பற்றிச் சீன மருத்துவம் சொல்வது

[காட்சி: மார்கழி விடியல், பாலாற்றுப் பாலத்தின் மேல் பனிமூட்டம்]

வணக்கம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதையும், பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததையும், அந்த ஆண்டின் இறுதியில் அதே வட்டாரத்தில் நிலம் அதிர்ந்ததையும் வேலூர்ப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும், கார்த்திகை மழை வலுக்கும் இரவுகளில் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருபவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அச்சத்தையும் குளிர்காலத்தையும் ஒரே உறுப்பில் வைத்துப் பார்த்த மருத்துவம் ஒன்று சீனத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அந்த உறுப்பு மூளை அன்று, இதயமும் அன்று, சிறுநீரகம்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல் உலகை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்தாகப் பகுக்கிறது; நீரின் பங்கில் சிறுநீரகம், குளிர்காலம், அச்சம், கருமை, உப்புச் சுவை ஆகியவை வருகின்றன. அங்கே சிறுநீரகம் என்பது வெறும் உறுப்பைக் குறிக்கும் சொல் அன்று, உடல் தன் ஆதி வலுவைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தின் பெயர்.

[காட்சி: மனித உடலின் கோட்டோவியம், மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு]

இனி வருவதுதான் என்னை இந்தக் காணொளியைச் செய்ய வைத்தது. கோபம் உயிர்ச்சக்தியை மேலே ஏற்றும், அச்சம் அதைக் கீழே இறக்கும், திடீர்த் திகில் அதைக் கலைத்துவிடும் என்று அந்நூல் கூறுகிறது. இப்போது நம் பேச்சைக் கவனியுங்கள். கோபம் நமக்கும் தலைக்குத்தான் ஏறுகிறது. அச்சம் வந்தால் வயிறு கலங்குகிறது, தொடை நடுங்குகிறது, சிறுபிள்ளை நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறது. திகிலில் மனிதன் நிலைகுலைகிறான். சீனத்தை ஒருநாளும் பார்த்திராத நம் பாட்டிமார், கோபத்துக்கும் அச்சத்துக்கும் திகிலுக்கும் அதே திசைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு நூலிலிருந்து மற்றொருவர் கற்றது என்று இதை நான் கருதவில்லை; இரு நாட்டாரும் ஒரே உடலைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன்.

இடுப்பையும் பாருங்கள். இடுப்பு சிறுநீரகத்தின் இல்லம் என்கிறது சீன மருத்துவம். கரிய உணவு அதற்கு வலுவூட்டும் என்று கூறிக் குளிர்காலத்தில் கருமொச்சையையும் கறுப்பு எள்ளையும் பரிந்துரைக்கிறது. பெரியவளான பெண்ணுக்குத் தோல் நீக்காத கறுப்பு உளுந்தில் களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, "இடுப்புக்குப் பலம், சாப்பிடு கண்ணு" என்று ஊட்டும் வீடுகள் நம்மிடம் எத்தனை! அட்ரினல் சுரப்பி சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருப்பதையும், அச்ச வேளையில் உடலை உசுப்பும் சுரப்புகளை அது வெளியிடுவதையும் காட்டி, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அது அழகான தற்செயல். உங்கள் வீட்டில் அச்சத்துக்கு வழங்கும் சொற்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.

[காட்சி: வாசலில் கோலம், பூசணிப்பூ]

ஓரிடத்தில் மட்டும் நாமும் அவர்களும் நேர் எதிர். குளிர்காலம் மூடிக் காக்கும் காலம், ஆகவே சீக்கிரம் உறங்கி, கதிரவன் வரும்வரை காத்திருந்து எழ வேண்டும் என்பது அந்நூலின் கட்டளை. நாமோ மார்கழியில் நான்கு மணிக்கே எழுந்து வாசல் தெளிக்கிறோம். ஆறு உறைந்துபோகும் வடசீனத்துக் குளிரில் எழுந்த விதி அது. நம் முன்பனிக்கு அதை அப்படியே பொருத்தத் தேவையில்லை. ஆனாலும் மன அதிர்ச்சியில் தூக்கத்தை இழந்தவருக்கு, மார்கழி என்பதற்காக எழுந்தாக வேண்டும் என்ற வற்புறுத்தலை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைப்பது நல்லது என்பது என் கருத்து.

வீட்டில் செய்யக்கூடியது எளியது. உறங்கப் போகுமுன் கணுக்கால் நனையும் அளவு இளஞ்சூட்டு நீரில் பாதங்களைப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்துத் துடைத்து, உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களை மடக்கும்போது குழியும் இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தலாம். உயிர்ச்சக்தி உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் பாதைகளில், சிறுநீரகத்துக்குரிய பாதையின் முதற்புள்ளி அது; அதன் சீனப் பெயருக்குப் 'பொங்கும் ஊற்று' என்று பொருள். நீரிழிவால் கால் மரத்தவர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்லட்டும். தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் படும் காயங்களே என்று மருத்துவர் பால் பிராண்ட் கண்டு உலகுக்குச் சொன்னது இதே வேலூரில் பணியாற்றியபோதுதான்.

இத்தகைய புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீன முறையான அக்குபங்சர் மன அதிர்ச்சிக்கு உதவும் என்பதற்குச் சான்று உண்டா என்றால், ஓரளவு உண்டு. போர்க்கள அதிர்ச்சியால் துன்புற்ற அமெரிக்க முன்னாள் வீரர்கள் 93 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், பாவனையாக ஊசி போடப்பட்டவர்களைவிட முறையாகப் போடப்பட்டவர்கள் கூடுதல் நலம் பெற்றனர். சிறிய ஆய்வு என்பதால் இதை நம்பி மனநல மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூலிகைகளில் என் எச்சரிக்கை கடுமையானது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரையில் அரிஸ்டலோக்கியா இனத்துச் சீன மூலிகை சேர்ந்துவிட்டதால், பல பெண்களுக்குச் சிறுநீரகமே பழுதானது. நம் ஊர் ஈசுரமூலியும் அதே இனம். பொட்டலத்தில் வரும் எதையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். சுக்குக் காபி போதும்.

[திரையில் பெரிய எழுத்தில்: 14416]

மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்து, பழைய காட்சி கண்முன் மீண்டும் மீண்டும் வருகிறது என்றால், டெலி மானஸ் என்னும் இந்த அரசுத் தொலைபேசி மனநலச் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.